வயல் வரப்பா, மாடி அறையா: மலையடிவாரத்தில் நிலக்காட்சி வரைகிறவர்களுக்கு

தென்காசி, செங்கோட்டை, பண்பொழி, புளியரைப் பக்கம் நிலக்காட்சி வரைகிறவர்கள் கை ஓரளவு தேறியதும் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கும். அதை வைத்து மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து ஸ்டுடியோ ஆக்கிக்கொள்வதா, மடக்கு ஈசல் (படத்தை நிறுத்தி வரைகிற தாங்கி), பெரிய குடை, நல்ல பேப்பர் என்று வாங்கிக்கொண்டு வெளியே கிளம்புவதா? என்னிடம் வரைய வருகிற பிள்ளைகள் கேட்கிறார்கள், அவர்களைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோரும் கேட்கிறார்கள். பெற்றோர் கேட்பதற்குள் இன்னொரு கவலையும் இருக்கும். வெயிலில் அலைந்துதான் படம் வரைய வேண்டுமா, வீட்டில் உட்கார்ந்து போட்டோவைப் பார்த்து வரைந்தால் ஆகாதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்களில் இருக்கிறவர் முதலில் வெளியே போக வேண்டும். அறைக்கு அப்புறம் செலவு செய்யலாம். நிறத்தையும் வெளிச்சத்தையும் தூரத்தையும் வெளியே நின்றுதான் அளக்க முடியும். பெரிய அளவு, படத்தின் அமைப்பு, பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இதெல்லாம் உள்ளேதான் நன்றாக நடக்கும். இரண்டில் ஒன்றை அடியோடு விட்டவர்களின் படத்தில் அந்தக் குறை தெரிந்துவிடும். ஆனாலும் எது முதலில் என்று கேட்டால் வெளிதான். அதற்குக் காரணம் இந்த மலை.

நமக்கு மலை மேற்கே இருக்கிறது. காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழும். பண்பொழி வயல் வரப்பில் காலை 7 மணிக்கு நின்று திருமலைக் கோயில் குன்றைப் பாருங்கள். பாறையில் லேசான செம்மஞ்சள், அடிவாரத் தென்னைகளில் மஞ்சள் கலந்த பச்சை, பின்னால் நிற்கிற பெரிய மலையில் ஊதா கலந்த பச்சை. நிறம் கொட்டிக் கிடக்கும், ஆனால் வடிவம் தட்டையாக இருக்கும், ஏனென்றால் நிழல் எல்லாம் பொருள்களுக்குப் பின்னால் போய்விடுகிறது. 9.30, 10 மணிக்கு வெயில் மேலேறியதும் மலை மடிப்புகளில் நிழல் இறங்கத் தொடங்கும். எது முன்னால் நிற்கிற சரிவு, எது பின்னால் ஒதுங்கிய சரிவு என்று அப்போதுதான் பிரியும். மதியம் ஒன்றும் வரைய முடியாது. பிற்பகல் 3 மணிக்கு மேல் சூரியன் மலைக்குப் பின்பக்கம் சாய, காலையில் அத்தனை நிறம் காட்டிய அதே மலை ஒரே நீலச் சுவராகிவிடும். மாலையில் இன்னொரு விசேஷம்: பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிற அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்னாலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். ஊர் முழுக்க நிழலில் இருக்கும், வானம் மட்டும் பளீரென்று இருக்கும்.

கோட்டைவாசல் வளைவுகளைத் தாண்டி ஆரியங்காவுப் பக்கம் இறங்கினால் இது அப்படியே மாறும். அது மேற்குச் சரிவு. காலையில் இருண்டு கிடக்கிற காட்டில் பிற்பகல் வெயில் விழும். கழுதுருட்டியில் 13 கண் ரயில் பாலம் இருக்கிறதே, அந்தக் கருங்கல் வளைவுகளுக்குள் நிழல் எப்படி விழுகிறது என்பதை ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து பார்க்கலாம். 1904இல் ரயில் வந்த பாதை அது. காலையில் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு மலை, மாலையில் கேரளப் பக்கம் அதே மலையின் முதுகு என்று ஒரே நாளில் இரண்டு வெளிச்சத்தில் வரையக் கிடைப்பது எல்லையில் இருக்கிற நமக்கு வாய்த்த பெரிய வசதி. சென்னையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறவருக்கு இது கிடைக்காது. இவ்வளவையும் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு மாடி அறையில் கதவைச் சாத்தி வரையத் தொடங்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

சரி, போட்டோ எடுத்துக்கொண்டு வந்தால் போதாதா? போதாது. செல்போன் கேமராவின் சாதாரண லென்ஸ் அகலமாகப் பார்க்கிறது. அதனால் தூரத்து மலை சின்னதாகிவிடுகிறது. நேரில் பார்க்கும்போது ஊருக்கு மேலே கவிந்து நிற்கிற மலை, போட்டோவில் வயலுக்குப் பின்னால் ஒரு மேடு போலக் கிடக்கும். அந்தப் போட்டோவைப் பார்த்து வரைந்தவர் மலையைச் சின்னதாகவே வரைவார், படம் ஏன் சப்பென்று இருக்கிறது என்று கடைசிவரை தெரியாது. இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் ஓரளவு சரியாகும். அடுத்த சிக்கல் நிழல். வெயிலுக்கு ஏற்ப கேமரா அளந்தால் மரத்தடி கருப்பாகிவிடும், மரத்தடிக்கு ஏற்ப அளந்தால் வானம் வெளுத்துப்போகும். நேரில் அந்த மரத்தடியில் மண்ணின் சிவப்பும், வானத்திலிருந்து விழுகிற நீலமும், பக்கத்து நாற்றங்காலிலிருந்து தெறிக்கிற பச்சையும் இருக்கும். நிழல் கருப்பு நிறமில்லை என்பதை வெளியே உட்கார்ந்த ஒரே வாரத்தில் கண் கற்றுக்கொள்ளும். போட்டோவை மட்டும் நம்புகிறவர் வருஷக்கணக்கில் நிழலுக்குக் கருப்பு டியூபைத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அவை பூத்ததும் கேரளத்திலிருந்து கார் காராக வந்து படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். சூரியகாந்தி முற்றிய பிறகு சூரியனோடு திரும்பாது, கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். அப்படியென்றால் தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் காலையில் நின்றால் பூ முகம் நம்மைப் பார்க்கும், வெயிலும் அதன் மேல் விழும், பின்னணியில் மலையும் வரும். மாலையில் அதே இடத்தில் நின்றால் பூ முகம் நிழலில், இதழ் ஓரங்களில் மட்டும் வெளிச்சம் ஊடுருவி நிற்கும். இரண்டும் நல்ல படம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு படம். இணையத்தில் எடுத்த போட்டோவில் காலை எது, மாலை எது, கிழக்கு எது என்று தெரியாமல் வரைகிறவர்கள் முன்னால் இருக்கிற பூவுக்குக் காலை வெயிலையும் பின்னால் இருக்கிற மலைக்கு மாலை நீலத்தையும் போட்டுவிடுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஏதோ ஒட்டவில்லை என்பது மட்டும் தெரியும்.

வெளியே போனால் நேரம்தான் எதிரி. சூரியன் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை நகர்கிறது. நிழல் நம்மைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. வலான்சியன் என்ற பிரெஞ்சு ஓவியர் 1800இல் எழுதிய பாடத்திலேயே வெளியே வரைகிற பயிற்சிப் படத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, உதயமோ அஸ்தமனமோ என்றால் அரை மணி நேரம்தான் என்கிறார். நம் பக்கம் அதைவிடக் குறைவு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது, அந்தி நிறங்கள் சுமார் 20 நிமிஷத்தில் முடிந்துவிடும். அதனால் வெளியே சின்ன அளவுதான். ஏ4 பேப்பரில் பாதி போதும். மேகநிழல் வயல் மேல் ஓடிக்கொண்டே இருக்கும் நாட்களில் தொடங்கும்போதே எந்த இடம் வெயில், எந்த இடம் நிழல் என்று பென்சிலால் குறித்துவிட்டு, அப்புறம் என்ன மாறினாலும் அதை மாற்றாமல் முடிக்க வேண்டும். மாறுகிற ஒவ்வொரு நிழலையும் துரத்துகிறவர் படத்தில் 4 சூரியன் இருக்கும்.

வெளியே வரைவதற்குப் பேர்போன ஓவியர்கள் எல்லாவற்றையும் வெளியிலேயே முடித்தார்கள் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது அப்படியில்லை. டியூபில் அடைத்த ஆயில் கலருக்கு ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் 1841இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் கலரைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி எடுத்துப்போனார்கள். டியூப் வந்ததும் வெளியே போவது எளிதானது உண்மை. ஆனால் அதற்கு 20 வருஷம் முன்னாலேயே இங்கிலாந்தில் கான்ஸ்டபிள் என்ற ஓவியர் 1821, 1822இல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களை மட்டும் வரிசையாக வரைந்தார். பல படங்களின் பின்பக்கம் தேதி, மணி, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று குறித்தும் வைத்தார். அவருடைய 6 அடி அகலப் பெரிய படங்களோ லண்டன் ஸ்டுடியோவில் செய்தவை. மோனே என்ற பிரெஞ்சு ஓவியர் 1892, 1893இல் பிரான்சின் ரூவான் தேவாலயத்தை வரைந்தபோது எதிர்க் கட்டடங்களின் மாடி ஜன்னல்களில் இருந்து பார்த்தார், வெளிச்சம் மாற மாற கேன்வாஸை மாற்றினார், அப்புறம் வீட்டுக்குக் கொண்டுபோய் ஸ்டுடியோவில் 1894 வரை திருத்திக்கொண்டிருந்தார்.

நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவுக்கே ஒரு சாட்சி இருக்கிறது. தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற ஆங்கில ஓவியர்கள் இருவரும் 1792இல் தெற்கே வந்தார்கள். பாபநாசம் அருவியை அவர்கள் வரைந்த படம் அச்சில் வந்திருக்கிறது. இங்கே பார்த்துக் கோட்டாக எடுத்துக்கொண்டது, லண்டனில் பல வருஷம் கழித்துச் செதுக்கி அச்சிட்டது. வெளியே எடுத்த கோடு துல்லியமாக இருந்ததால்தான் அத்தனை வருஷம் தள்ளியும் உள்ளே வேலை நடந்தது. தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான பெயர் சில்பி. கோயில் கோயிலாகப் போய் சிலைக்கு எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தவர் அவர். கல்லில் வெளிச்சம் எப்படி வழுக்குகிறது என்பதை அவர் கோடுகளில் பார்த்தால், நேரில் உட்கார்வது எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி வெளியே போவதில் உள்ள கஷ்டம். நம் பக்கம் அதற்குப் பெயர் காற்றும் சாரலும். ஜூன் தொடங்கினால் கணவாய் வழியாக வருகிற காற்று ஈசலைத் தூக்கிப் போட்டுவிடும். ஈசலின் நடுவில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டு அங்கேயே கிடக்கிற கல்லைப் போட்டு நிரப்பினால் நிற்கும். குடையை ஈசலில் கட்டாதீர்கள், காற்று அடித்தால் இரண்டும் சேர்ந்து போகும். குடை என்றதும் ஞாபகம் வருகிறது: கலர் குடை வேண்டாம். சிவப்புக் குடைக்குக் கீழே பேப்பர் முழுக்கச் சிவப்பு ஏறும், நாம் அறியாமலே அதைச் சரிக்கட்டப் பச்சையைக் கூட்டிவிடுவோம். புனலூர்ப் பக்கம் கடைகளில் கிடைக்கிற பழைய மாதிரி பெரிய கருப்புக் குடைதான் சரி. பேப்பரும், கலர் கலக்குகிற தட்டான பேலட்டும் இரண்டுமே நிழலில் இருக்க வேண்டும். நேர் வெயிலில் பேப்பரை வைத்து வரைந்தால் கண் கூசி, எல்லாவற்றையும் ஒரு படி இருட்டாகக் கலக்குவோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் அழுக்காகத் தெரியும்.

சாரல் நாளில் வாட்டர் கலர் படுத்துகிற பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். வானத்துக்கு ஒரு வாஷ், அதாவது தண்ணீர் நிறையக் கலந்த கலரை அகலமாக ஒரு பூச்சு, போடுகிறோம். சித்திரையில் அது 5 நிமிஷத்தில் காய்ந்துவிடும். ஆடியில் கால் மணி நேரம் கழித்தும் பேப்பர் பளபளவென்று ஈரமாகவே இருக்கும். பளபளப்பு போய்விட்டது, காய்ந்துவிட்டது என்று நினைத்து மலையின் விளிம்பை வைத்தால், உள்ளே ஒளிந்திருக்கிற ஈரத்தில் அந்த நீலம் மெதுவாக மேலே ஊர்ந்து வானத்துக்குள் போகும். பிரஷில் தண்ணீர் கொஞ்சம் அதிகமாக இருந்தால் ஓரமெல்லாம் பூப்பூவாக விரிந்து கறையாகும். புறங்கையால் பேப்பரைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. மேகம் மலை முகட்டை மறைத்துக்கொண்டு இறங்குகிற காட்சியை வரைய மட்டும் இந்த ஈரம் பெரிய உதவி. மலையை மேலிருந்து ஈரத்தில் கரையவிட்டால், மேகத்தைத் தனியாக வரைய வேண்டியதே இல்லை. ஆடி மாதத்து மேக்கரை மலையை இதைவிட நன்றாக வேறு எதிலும் வரைய முடியாது என்பது என் எண்ணம்.

அக்ரிலிக் கலர் இதற்கு நேர் எதிர். மார்ச், ஏப்ரல் வெயிலில் பேலட்டிலேயே தோல் கட்டிவிடும். டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச், அதன் மேல் பட்டர் பேப்பர், அதன் மேல் கலர் என்று வைத்தால் தாங்கும். பிரஷைத் தண்ணீரில் போடாமல் பேசிக்கொண்டு நின்றால் அந்த பிரஷை மறந்துவிட வேண்டியதுதான். ஆயிலை வெளியே எடுத்துப்போகலாம், ஆனால் ஈரப் படத்தைப் பைக்கில் கொண்டுவருவதற்கு மூடியுள்ள பெட்டி வேண்டும். மெல்லிய பூச்சே தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய சில நாள் ஆகும், சாரல் மாதங்களில் இன்னும் கூடுதல். அதனால் ஆயில்காரர்களுக்கு அறை அவசியம் என்பதை நான் மறுக்கவே மாட்டேன். அப்படி அறை வைத்தால் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். ஆயில் கலரைக் கரைக்கிற டர்பன்டைனைத் திறந்து வைத்துக்கொண்டு, மழை என்று ஜன்னல்களை அடைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள்.

ஆட்கள் விஷயம். வயலில் ஈசலை நட்டால் முதலில் வருகிற கேள்வி, "என்ன சார், ரோடு போடப் போறியளா? எங்க வயல அளக்கியளா?" என்பதுதான். நிலம் எடுப்பார்களோ என்ற பயம் இந்தப் பக்கம் எல்லார் மனசிலும் இருக்கிறது. "இல்ல ஆச்சி, படம் வரையிறேன்" என்று சொல்லிப் பேப்பரைத் திருப்பிக் காட்டிவிட்டால் போதும். "அப்போ அந்தத் தென்னைய விட்டுராதிய, எங்க மாமனார் வச்சது" என்று சொல்லிவிட்டு நாற்று நடப் போவார்கள். இந்தப் பேச்சை இடைஞ்சலாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த வயல் எப்போது தண்ணீர் கட்டும், எந்தக் குளம் எப்போது நிறையும், எந்த மரத்தை வெட்டப்போகிறார்கள் என்பதெல்லாம் அவர்களிடமிருந்துதான் தெரியவரும். அதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்த வாரம் வந்தால் காட்சி இருக்குமா, இருக்காதா என்று திட்டமிட முடியும். ஆரியங்காவுப் பக்கமும் டீக்கடையில் தமிழில் பேசலாம், ஆனால் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், அணை, ரயில்வே இடங்களிலும் கேட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் அட்டைக் கடி உண்டு. உப்போ புகையிலைத் தூளோ கையில் இருக்கட்டும்.

பெண் பிள்ளைகளுக்கு வெளியே வரைவது இதைவிடச் சிக்கல், அதை இல்லையென்று பேசுவது நியாயமில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத வரப்பில் தனியாக 2 மணி நேரம் உட்கார்வது எல்லாருக்கும் முடிகிற காரியமில்லை. சுற்றி நிற்கிறவர்களும் ஆணிடம் கேட்காத கேள்வியைக் கேட்பார்கள். இரண்டு மூன்று பேராகப் போவது ஒரு வழி. கோயில் மண்டபம், பள்ளிக்கூட மைதானம், சந்தைக்கடைத் திண்ணை, ரயில் நிலைய வாசல் மாதிரி பொது இடத்தில் தொடங்குவது இன்னொரு வழி. இதற்காக அறையே போதும் என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து மலை தெரிகிறது என்றால் அதுவும் வெளிதான். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து ஒரே மலையை மாதம் ஒரு தடவை வரைந்தால், வருஷ முடிவில் உங்களிடம் இருக்கிற பச்சைகளும் நீலங்களும் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. பங்குனியில் தூசிப் புகையில் மலை வெளிறிப் போகும், ஐப்பசி மழை கழுவிவிட்ட மறுநாள் கைநீட்டினால் தொடலாம் போல நெருங்கி நிற்கும். நிறம் மாறுவதோடு தூரமே மாறுவது போல இருக்கும்.

திண்ணையும் மாடியும் ஜன்னலும், வெளிக்கும் உள்ளுக்கும் நடுவில் இருக்கிற மூன்றாவது வழி. சாரல் மாதங்களில் நான் எல்லாருக்கும் இதைத்தான் சொல்கிறேன். செங்கோட்டைப் பழைய தெருக்களில் இன்னும் திண்ணை வைத்த வீடுகள் இருக்கின்றன. கேட்டால் உட்காரவிடுவார்கள், பல வீட்டில் காப்பியும் வரும். மழை பேப்பரில் விழாது, காற்று பாதிதான் வரும், எதிரே ஈரத் தெருவில் வானம் பிரதிபலித்துக் கிடக்கும்.

இப்போது அறை. ஸ்டுடியோவுக்கு வடக்கு ஜன்னல்தான் வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் படித்திருப்பீர்கள். நேர் வெயில் விழாமல், நாள் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் வரும் என்பதற்காகச் சொன்னது. ஐரோப்பாவுக்கு அது சரி. நாம் இருப்பது சுமார் 9 பாகை வட அட்சரேகையில். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக உள்ளே வந்து ஈசல் மேல் பட்டை அடிக்கும். தெற்கு ஜன்னலிலோ அதே மாதங்களில் நாள் முழுக்க நேர் வெயில் வராது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை இது தலைகீழ், அப்போது வடக்கு ஜன்னல்தான் பத்திரம். ஆகவே வடக்கிலும் தெற்கிலும் ஜன்னல் உள்ள அறைதான் இங்கே நல்ல அறை. சீசனுக்கு ஏற்ப ஈசலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வேண்டாத ஜன்னலுக்கு வெள்ளைத் துணி கட்டிவிடலாம். நம் நாட்டுச் சூரியனை நாமே பார்த்து முடிவு செய்ய வேண்டும், புத்தகத்தில் இருக்கிறது என்று வடக்கு ஜன்னலுக்குக் கூடுதல் வாடகை கொடுக்கக் கூடாது.

வேலைக்குப் போய்விட்டு இரவில்தான் வரைய முடியும் என்பவருக்கு ஜன்னல் கணக்கு தேவையில்லை. விளக்குக்குச் செலவு செய்யுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற கெல்வின் கணக்கில் 5000 அளவில், பொருளின் நிறத்தைச் சரியாகக் காட்டுகிற சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேல் உள்ள எல்.இ.டி. வேண்டும். மஞ்சள் பல்பில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும், காலையில் எழுந்து பார்த்தால் வானத்தில் மஞ்சள் திட்டுத்திட்டாக இருக்கும். படத்திலிருந்து 7, 8 அடி பின்னால் போய்ப் பார்க்க இடம் இருக்கிறதா என்பதும் முக்கியம். பெரிய படத்தின் அமைப்பு பக்கத்தில் நின்றால் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே பெரிய படத்துக்கு அறை வேண்டும் என்பேன். வயலில் பின்னால் போனால் கால்வாயில் விழ வேண்டியதுதான்.

அறை வைத்திருக்கிறவர்களை மழைக்காலத்தில் பூஞ்சை படுத்தும். பேப்பருக்கு மேல் பூசியிருக்கிற பசை ஈரத்தில் கெட்டுவிட்டால், வாஷ் போட்டதும் இங்கொன்றும் அங்கொன்றுமாக மை உறிஞ்சும் தாள் மாதிரி கலரை இழுத்துக்கொள்ளும். அப்புறம் அந்தப் பேப்பரை ஒன்றும் செய்ய முடியாது. பேப்பரை பாலிதீன் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திப் பேப்பரைக் கட்டாக வாங்கி வைப்பதைவிட, சாரல் சீசனில் வேண்டிய அளவு மட்டும் வாங்குவது நல்லது.

யாருக்கு எது என்று கேட்டால், பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சந்தேகமே வேண்டாம். இரண்டு மூன்று வருஷத்துக்கு அறைப் பேச்சே எடுக்காதீர்கள். ஒரு சின்ன வாட்டர் கலர் பெட்டி, மடக்கு ஸ்டூல், கருப்புக் குடை, வீட்டில் ஒரு மேஜை. ஞாயிறு காலை 6.30க்குக் கிளம்பி 10 மணிக்குத் திரும்பிவிடலாம். ஆர்டர் எடுத்து, ஹோட்டலுக்கும் ரிசார்ட்டுக்கும் பெரிய குற்றாலப் படங்கள் செய்துகொடுக்கிறவருக்கு அறை இல்லாமல் முடியாது. ஆனால் அவரும் மாதத்தில் ஒரு காலையாவது வெளியே போய் வரட்டும். போகாதவருடைய அருவி முதல் படத்தில் தண்ணீராக இருக்கும், பத்தாவது படத்தில் வெள்ளைத் துணியாகிவிடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வரையத் தொடங்கியவர்களுக்கு முட்டிவலி இருக்கும், வரப்பில் உட்கார முடியாது. மாடியும் திண்ணையும் அவர்களுக்கு. காரில் முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக வரைவதும் நல்ல வழிதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளியே வரைந்ததை உள்ளே பெரிதாக்கும்போது ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் படத்தை ஈசலுக்குப் பக்கத்தில் குத்தி வையுங்கள், போட்டோவைக் கொஞ்சம் எட்டத்தில் வையுங்கள். கிளை எத்தனை, கோபுரத்தில் நிலை எத்தனை என்று தெரிய போட்டோவைப் பாருங்கள். நிறம் என்ன, எது இருட்டு, எது வெளிச்சம் என்ற கேள்விக்குச் சின்னப் படம்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் முரண்பட்டால் சின்னப் படத்தை நம்புங்கள். அதன் பின்பக்கம் மாதம், மணி, மேகம் எப்படி, எந்தத் திசை பார்த்து நின்றீர்கள் என்று வெளியே இருக்கும்போதே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்றால் மறந்துவிடும்.

அப்படியும் அறை எடுத்தே தீர வேண்டும் என்ற நிலை வந்துவிட்டவர்கள், அறையை மாசியிலோ பங்குனியிலோ பார்க்காதீர்கள். அப்போது எல்லா அறையும் நன்றாகத்தான் இருக்கும். ஜூலையில், சாரல் அடிக்கிற நாளில் போய்ப் பாருங்கள். மேற்குச் சுவரைக் கையால் தொட்டு ஈரம் இறங்குகிறதா என்று பாருங்கள். எந்த ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் உள்ளே வருகிறது என்று பாருங்கள். அப்புறம் ஒரு வெயில் நாளில், மாலை 4 மணிக்கு இன்னொரு தடவை போய், அறை நடுவில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். நம் ஊரில் எதிர்வீட்டுச் சுவர் பச்சையாகவோ ரோஸாகவோ பளீரென்று அடித்திருப்பார்கள், அதில் பட்ட வெயில் அப்படியே உங்கள் அறைக்குள் வரும். தாளில் அந்த நிறம் ஏறினால் முன்பணம் கொடுக்காமல் வந்துவிடுங்கள். உள்சுவரை வேண்டுமானால் நாம் வெள்ளையடித்துக்கொள்ளலாம், எதிர்வீட்டுக்காரரிடம் போய்ச் சுவரை மாற்றச் சொல்ல முடியாது.